பகல் கூத்துத் தெரு

கூத்துத் தெரு அழிந்ததற்கு மத்தளக்காரர்தான் காரணம் என்று நீங்கள் பேசும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன். போன மாதம் கல்யாண வீட்டில்கூட அந்தப் பேச்சு வந்தது. "தலைக்கனம் புடிச்ச மனுசன். ஒரு தெருவையே எரிச்சுட்டுப் போயிட்டான்" என்றார் உங்களில் ஒருவர். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

என்னோடு அந்த மணலில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தவர்களில் இன்னும் ஐந்தாறு பேர்தான் இருக்கிறோம். நமக்குப் பிறகு அப்படி ஒரு தெரு இருந்ததாகச் சொல்லவும் ஆள் இருக்காது. பொய்யை உண்மையாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அதனால் சொல்கிறேன். இடையில் யாரும் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் நிறுத்திவிடுவேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய பிறகுதான் அந்தத் தெரு வந்தது என்று என்னைப் பெற்ற நைனா சொல்வார். கப்பல் வந்து நின்றால் சரக்கு ஏறவும் காற்றுத் திரும்பவும் மாதக்கணக்கில் ஆகும். துணி கொண்டுவந்த வியாபாரிகள், மாலுமிகள், மூட்டை தூக்க வந்தவர்கள் எல்லாரும் காற்றுக்காகக் காத்துக்கிடப்பார்கள். அவர்களுடைய பொழுதை நம்பி ஒரு கூத்துக் கூட்டம் முதலில் கரையோரம் பந்தல் போட்டதாம். அப்புறம் இன்னொன்று. நாம் பார்க்கும்போது அது முழுத் தெரு. வடக்கு முனையில் தெலுங்குக் கூத்து, நடுவில் தமிழ்க் கூத்து, தெற்கு முனையில் தோல்பாவை. தமிழ்க் கூத்தின் கட்டியங்காரன் திடீரென்று வடக்கே ஓடிப்போய்த் தெலுங்கு ராஜாவைத் தெலுங்கிலேயே கேலி செய்துவிட்டு வருவானே, ஞாபகம் இருக்கிறதா? ஆரம்பாக்கத்திலிருந்தும் எளாவூரிலிருந்தும் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். மரக்காயர் வீட்டுப் பெண்கள் மாடித் தட்டி மறைவில் நின்று பார்ப்பார்கள். ராணி வேஷக்காரர் ஒரு வருஷம் கட்டிய சேலைக் கரையை அடுத்த வருஷம் நெசவுத் தெருவில் எல்லாத் தறியிலும் பார்த்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஊர் உலகத்தில் கூத்தென்றால் ராத்திரி. நம் தெருவில் மட்டும் பகல். தெருவுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் மருந்துச் சாலை இருந்தது. கோட்டைக்கு வெடிமருந்து இடிக்கிற இடம். அதனால் தெருவுக்குள் ஒரு பொறி நெருப்பு வரக்கூடாது என்று கட்டளை. தீவட்டி கிடையாது, விளக்கு கிடையாது, சுருட்டு கிடையாது. கூத்துக்காரர்களின் அடுப்புகள்கூடக் கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான். கால்வாய்மேல் ஒரு பலகைப் பாலம், அதில் ஒரு காவல்காரன்.

அந்தக் கட்டளையால்தான் அந்தத் தெருவுக்கு அப்படி ஓர் அழகு வந்தது என்று இப்போது தோன்றுகிறது. கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகளில் வெயில் பட்டு மணல் முழுக்க வெளிச்சம் ஓடும். நாம் அதை மிதிக்கத் துரத்துவோம். தோல்பாவைக்காரர் திரையை மேற்குப் பார்த்துக் கட்டிவைத்து, சாய்கிற சூரியனையே விளக்காக வைத்துப் பாவை காட்டுவார். சூரியன் முழுகினால் எந்தக் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மீதி மறுநாள்.

தெரு அழிந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அம்மா இறால் அவித்துக் காயவைத்துத் தெருவில் விற்பாள். நைனா எங்களை எதிர்க்கரைக் குப்பத்திலிருந்து தோணியில் கொண்டுவந்து விடுவார். அம்மா வீடு வீடாகக் கூடை தூக்கிப் போகும்போது நான் வேஷக் கொட்டகையில் இருப்பேன். அங்கேதான் மத்தளக்காரரின் பெண்சாதி, ஆட்டக்காரர்களின் முகத்துக்குப் பூசும் அரிதாரத்தை அரைப்பாள். வேர்வையில் கரையாமல் சாயந்திரம் வரைக்கும் முகத்தில் நிற்கும்படி அரைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். அரிதாரக்கா என்று கூப்பிடுவோம். அவள் விரல்களில் மஞ்சளும் சிவப்பும் எப்போதும் ஒட்டியிருக்கும். அவளுக்கு ஆறு மாசத்தில் ஓர் ஆண்பிள்ளை. கொட்டகையின் மூலையில் தூளி கட்டித் தூங்கவைத்திருப்பாள். அழுதால் ஆட்டிவிடுவது என் வேலை.

மத்தளக்காரர் அதிகம் பேசமாட்டார். சிடுசிடுப்பு உண்டு. காலையில் மத்தளத்தை வெயிலில் வைத்து, தோல் சூடேறியதும் வாரை இழுத்துக் கட்டி, ஒரு விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிடித்திருந்தால் பெண்சாதியைத் திரும்பிப் பார்ப்பார். அவள் அரைத்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அவள் ஆட்டினால்தான் எழுந்திருப்பார்.

வைகாசி முதல் வாரம். காணாமல் போன மகனைத் தேடி ஏழு தேசம் சுற்றுகிற ராணியின் கதை நடுக்களத்தில் நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் கதை. ஒன்பது நாள் நான் விடாமல் பார்த்திருந்தேன். பத்தாம் நாள்தான் ராணி மகனைக் கண்டுபிடிப்பாள். அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கொண்டது. மழை இல்லை, வெயிலும் இல்லை. ஏரியிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தது. மத்தளத் தோல் ஊறிப்போய், தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல் கேட்டது. அன்றைக்குக் கூத்து இல்லை. மறுநாளும் இல்லை.

எங்களுக்கோ ஒரு நாள் விட்டு அதற்கடுத்த நாள் வடக்குப் பாட்டுக்கு, ஏரியின் வடக்கே மீன் பிடிக்கிற இடத்துக்கு, குடிபெயரவேண்டும். இறால் அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது. போனால் திரும்ப இரண்டு மாசம். ராணி மகனைப் பார்ப்பாளா மாட்டாளா என்று தெரியாமலே நான் போகவேண்டும்.

இரண்டாம் நாள் கொட்டகையில் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். மத்தளக்காரர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு உத்தரத்தில் மாட்டினார்.

"செத்த தோலு. வெயில் வராம இது பேசாது. கைப்பிடித் தணல் இருந்தா ஒரு நாழில எழுப்பிடுவேன்."

"நான் வோணா முந்தானையில மறைச்சுக் கொண்டாரட்டா?" என்று சிரித்தாள் அரிதாரக்கா.

"கொண்டாருவ, கொண்டாருவ. அப்பறம் ரெண்டு பேரையும் ஒண்ணா கட்டி வெச்சு உரிப்பானுங்க."

அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்கு அது வழி.

மறுநாள் காலை எங்கள் குப்பத்து இறால் அடுப்பிலிருந்து கொட்டாங்குச்சித் தணலை ஒரு சிறு சட்டியில் அள்ளினேன். மேலே சாம்பலைப் போட்டு மூடினேன். அம்மாவின் இரண்டாவது கூடையில் அடியில் வைத்து, மேலே ஓலை போட்டு, அதன்மேல் கருவாட்டைப் பரப்பினேன். சின்னக் கூடை, நான்தான் தூக்குவேன். தோணியில் வரும்போது கூடையின் அடி சுட்டது. மடியில் ஈரத் துணியை மடித்து வைத்துக்கொண்டேன். நைனா திரும்பிப் பார்த்து, "இன்னாமா, கூடைய அப்படிக் கட்டிப் புடிச்சுகினு கீற?" என்றார். கருவாடு கொட்டிவிடும் என்றேன்.

பாலத்துக் காவல்காரன் கருவாட்டு வாசனைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். எப்போதும் அப்படித்தான். எங்கள் கூடையை அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

கொட்டகையில் யாரும் இல்லை. அரிதாரக்கா கால்வாய்க்கு அந்தப் பக்கம் கஞ்சி காய்ச்சப் போயிருந்தாள். மத்தளக்காரர் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியை மத்தளத்துக்கு நேர் கீழே வைத்து, சாம்பலைக் குச்சியால் விலக்கினேன். தணல் சிவப்பாகக் கண் திறந்தது. மூலையில் தூளி தொங்கியது. உள்ளே பிள்ளை தூங்குவது துணிக்கு வெளியே தெரிந்த குதிகாலில் தெரிந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

களத்து மணலில் முதல் ஆளாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். இப்போது அவர் உள்ளே போவார், மத்தளம் சூடாகியிருப்பதைப் பார்ப்பார், ஆச்சரியப்படுவார், வாசிப்பார். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அவர் உள்ளே போவதற்குள் காற்று நுழைந்து தணலை ஊதிவிட்டது. ஓலைச் சுவரில் ஓரிடத்தில் புகை வந்தது. அடுத்து யாரோ கத்தினார்கள். கத்திய சத்தம் அடங்குமுன் கூரையின் ஒரு பக்கம் எரிந்தது. அந்தத் தெருவே நெருப்பைப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்புறம் மருந்துச் சாலை ஞாபகம் வந்து ஓடினார்கள். கோட்டை மணி அடித்தது. நெசவுத் தெருக்காரர்கள், கடைக்காரர்கள், குழந்தை தூக்கியவர்கள், எல்லாரும் ஏரிக்கு ஓடி இடுப்பளவு தண்ணீரில் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள்.

மத்தளக்காரர் எரிகிற கொட்டகைக்குள் போனார். வெளியே வரும்போது ஒரு கையில் பிள்ளை, தோளில் மத்தளம். தலைமயிர் கருகியிருந்தது. கூத்துக்காரர்கள் ஓடாமல் நின்று ஈரமணலை அள்ளிக் கொட்டினார்கள். தெலுங்குக் களத்து ராஜா பாதி வேஷத்தோடு கூரையில் ஏறி ஓலையைப் பிய்த்துப் போட்டார். மருந்துச் சாலைப் பக்கம் ஒரு பொறியும் போகவிடவில்லை. யாரும் சாகவில்லை. அதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ!

சாயந்திரம் புளியமரத்தடியில் விசாரணை. உடைந்த சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற கோட்டைத் துபாஷி கேட்டார்: "யார் கொண்டாந்தது?"

நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். மத்தளக்காரர் பெண்சாதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. அவள்தான் சொன்னபடி தணலைக் கொண்டுவந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அவர்தான் பொறுக்கமுடியாமல் கொண்டுவந்தார் என்று அவள் நினைத்தாள்.

"நான்தான்" என்றார் மத்தளக்காரர்.

அவரைக் கட்டிவைத்துப் பிரம்பால் அடித்தார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம் இனிக் கால் வைக்கக்கூடாது என்று சொன்னார்கள். தெருவுக்கும் அன்றைக்கே தீர்ப்பு. மருந்துச் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கூரையும் இருக்கக்கூடாது, பிரித்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கரையில் முதலாவதாக நின்ற தோணி எங்களுடையது. மத்தளக்காரரை மறுநாள் விடிந்ததும் வடகரையில் இறக்கிவிடும்படி நைனாவுக்குச் சொன்னார்கள்.

மறுநாள் நாங்கள் சட்டிபானையோடு வடக்கே கிளம்பினோம். அம்மாவும் தம்பியும் சித்தப்பா தோணியில். நான் நைனாவோடு. மத்தளக்காரர் முதுகு பட்டுவிடாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அரிதாரக்கா பிள்ளையோடு கரைக்கு வந்தாள். கூடவே வரத்தான் வந்தாள் என்று நினைத்தேன். கையில் துணிமூட்டை இருந்தது.

"ஏறு" என்றார் அவர். பிறகு தாழ்ந்த குரலில், "உன்னக் காட்டிக் குடுத்துடுவன்னு பயந்துட்டியா?" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். "என்னையா? இன்னா சொல்ற நீ?"

"நீதான கொண்டாந்த. உட்டுடு. போனது போச்சு."

"பெத்த புள்ள தூங்கற எடத்துல நான் நெருப்பு வெப்பனா? கொண்டாந்தது நீ. அடியும் வாங்கிட்டு, பழிய எந்தலையில போடப் பாக்கறியா?"

"நான் கொண்டாரல."

"ஊருக்கு முன்னாடி நான்தான்னு சொன்ன. இப்ப எங்கிட்ட இல்லன்ற. எது பொய்யி?"

"தணல் வோணும்னு நான் சொன்னப்ப வேற யாரு இருந்தா? நீ ஒருத்திதான இருந்த!"

நானும் இருந்தேன். தூளி ஆட்டுகிற பிள்ளையை அவர்கள் இரண்டு பேருமே கணக்கில் சேர்க்கவில்லை. அப்போதும் அவர்களுக்கு நடுவே, தோணியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் ஏறியிருப்பாள்.

"மத்தளத்துக்காக எம் புள்ளையக் கொளுத்தப் பாத்த. நீ எப்படியோ போ" என்றாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. அதுதான் அவருடைய தலைக்கனம் என்றால் அவ்வளவு தலைக்கனம் அவருக்கு உண்டு.

தண்ணீர் தெறிக்கிறது என்று மத்தளத்தை என் மடியில் வைத்தார். "கெட்டியா புடிச்சுக்கமா" என்றார். தோலில் கரி வாசனை அடித்தது. வடகரையில் முழங்கால் சேற்றில் இறங்கி, மத்தளத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தார்.

தோணி திரும்பியதும் எனக்கு அழுகை வந்தது. நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழியை ஊன்றியபடியே நின்றுவிட்டார். தோணி தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. மத்தளக்காரர் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தார். பனைமரங்களை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும்.

நைனா கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாராண்டயும் வாயத் தொறக்காத. உங்கம்மா கிட்டகூட. தோணியப் புடுங்கிப்பானுங்க. உன்ன இன்னா பண்ணுவானுங்கனு எனக்குத் தெரியாது" என்றார். கழியைத் தள்ளினார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தார். ஆனால் அதன் பிறகு அவர் கூத்துப் பார்க்கவே இல்லை, எந்த ஊரிலும். மத்தளச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி மறுபடி பேசியதும் இல்லை.

இரண்டு மாசம் கழித்துத் திரும்பியபோது தெரு இருந்த இடத்தில் கம்பங்கள் பிடுங்கிய குழிகள்தான் இருந்தன. தெலுங்குக் கூட்டம் வடக்கே போய்விட்டதாம். தோல்பாவைக்காரர் சென்னப்பட்டணத்துக்குப் போனாராம். கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் சூதாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் கிடந்தார்கள். ஆரம்பாக்கத்துத் தோணிகள் வரவில்லை. அம்மாவின் கருவாடு விற்காமல் திரும்பி வந்தது. "அந்த மத்தளக்காரன் நாசமாப் போவ" என்றாள் அம்மா. நான் கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அப்புறம் முப்பது வருஷம். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, நைனா போய்ச் சேர்ந்தார். நான் ஆரம்பாக்கம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் சந்தை கலைந்த பிறகு மீந்ததை வீடு வீடாகக் கொண்டுபோனேன். ஒரு களத்தில் ஒரு கிழவி நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். விலை கேட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. பழவேற்காட்டுக்கு எதிர்க்கரை என்றதும் முறத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அங்க ஒரு தெரு இருந்துச்சு. நீ சின்னப் புள்ளையா இருந்திருப்ப" என்று ஆரம்பித்தாள். அவள் கதையை எனக்கே சொன்னாள். புருஷன் நெருப்பு வைத்ததையும், தன்மேல் பழி போட்டதையும், கைப்பிள்ளையோடு வயல் வேலைக்கு வந்ததையும் சொன்னாள். "பத்து வருசம் முன்ன வடக்க எங்கயோ செத்துட்டான்னு சேதி வந்துச்சு. நான் அழல. எம் மவன் தலைகூட முழுவல. கொளுத்தப் பாத்தவனுக்கு நான் ஏன் முழுவணும்னுட்டான்."

நான் சொன்னேன். கூடையை இறக்கி வைக்காமல், நின்றபடியே சொன்னேன். அவளிடம் சொன்னதை உங்களிடம் சொல்ல எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். நெல்லைக் கையில் அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எவ்ளோ தணலு?" என்று கேட்டாள்.

"ரெண்டு கை இருக்கும்."

"ரெண்டு கை." கையிலிருந்த நெல்லை முறத்தில் போட்டாள். "அவ்ளோ வெச்சா தோலே கருகிடும். அந்த மனுசன் கொண்டாந்திருந்தா அளவாக் கொண்டாந்திருப்பாரே. எனக்கு அது தோணலியே" என்றாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவரை மரியாதையாகச் சொல்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"எம் மவன் வர்ற வரைக்கும் இரு. அவங்கிட்ட நீயே சொல்லு" என்றாள். ஓடிவிடத் தோன்றியது. ஆனால் உட்கார்ந்தேன்.

அவன் ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். நெடுநெடுவென்று அப்பாவைப் போலவே இருந்தான். மாட்டைக் கட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டான். நான் முடித்ததும் உள்ளே பார்த்து, "அவங்களுக்குச் சோறு போடு" என்றான். வேண்டாம் என்றேன். "சாப்ட்டுப் போங்க. தூரம் போவணும்" என்றான். அவன் பெண்சாதி இலை போட்டாள். அவர்கள் வீட்டுச் சோற்றை நான் தின்றேன். ஒவ்வொரு வாயும் இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று!

நான் கை கழுவி வரும்வரைக்கும் அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மொதப் புள்ள பொறந்தப்ப, அப்பன் பேர வெக்கணும்னாங்க எல்லாரும்" என்றான். "அது வழக்கம். நான்தான் சண்ட போட்டு வேற பேரு வெச்சேன்."

வாசலைப் பார்த்து மகனைக் கூப்பிட்டான். ஆறு வயதுப் பையன் அந்த வேறு பேருக்கு 'இதோ' என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடிவந்து அவன் முதுகில் ஏறிக்கொண்டான்.